உன் நிறைக்கு நெல்

மகன்,

இதை எழுத உட்கார்ந்து நாலு தரம் எழும்பிவிட்டேன். முதல் தரம், மேற்கே இருந்து அனலாய் வீசுகிற கச்சான் காற்றில் மில்லின் பின்கதவு அடித்துக்கொள்கிறது என்று போனேன். இரண்டாம் தரம் தண்ணீர் குடிக்க. மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது, அதனால் ஒரு கிலோப் படிக்கல்லை மேலே வைத்து எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடமாக நெல் மில்லில் தராசடியில் நிற்கிறவனுக்குக் கடிதம் எழுதி என்ன பழக்கம்? நீ என் போனை எடுத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. அம்மா அழைத்தால் மட்டும் "நல்லா இருக்கன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாயாம். நீ எவ்வளவு நல்லா இருக்கிறாய் என்பதைப் போன ஞாயிறு கண்ணால் பார்த்தவன் நான். அன்று தொடக்கம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்று நடந்ததை நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருப்பாய், ஆகவே நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ தங்கியிருக்கிற வந்தாறுமூலையிலிருந்து பஸ்ஸில் வந்து, வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே மில் வாசலில் வந்து நின்றாய். சட்டை உன் தோளில் தொங்கியது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. "ஏறு மனே, பாப்பம்" என்று மூடை நிறுக்கிற தராசைக் காட்டினேன். கலியாணம் பேசி முடித்த அன்றைக்கு நூற்றெட்டுக் கிலோ இருந்தாய். போன ஞாயிறு முள் தொண்ணூற்றிரண்டில் நின்றது. இரண்டு மாதத்தில் பதினாறு கிலோ. நான் கை தட்டினேன். நெல் கொண்டுவந்து நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன். அவர்களும் கை தட்டினார்கள். உன் கன்னம் ஒட்டிக் கிடந்ததும், உதடு வெடித்திருந்ததும், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததும் வீட்டு வாசலில் நின்ற அம்மாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது. நான் முள்ளைத்தான் பார்த்தேன்.

அம்மா உனக்கென்று கட்டாப்பாரை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நீ சீனி போடாத வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தாய். வெளியே காற்று அனலாக வீசுகிறது, நீ போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடக்கிறாய். "என்ன மனே, இந்த வெக்கையில போர்வையா?" என்று கேட்டேன். "குளிருது அப்பா" என்றாய். "கொழுப்புப் போனாக் குளிருந்தானே" என்று நான் பகிடி விட்டேன். அதன்பிறகு நீ முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாய், வாளியைத் தூக்கினாய், அப்படியே சரிந்தாய். கிணற்றுக் கட்டின் விளிம்புக்கும் உன் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் நான் எப்படி ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் தெளித்தோம், கண்ணைத் திறந்தாய். திறந்து நீ கேட்ட முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, தராசு எவ்வளவு காட்டினது? தொண்ணூத்திரண்டா, தொண்ணூத்தொண்டா?"

அம்மா உன் தலையை மடியில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்தத் தராசக் கொண்டுபோய் வாவிக்குள்ள தள்ளுங்க, இல்லாட்டி நான் தள்ளுவன்" என்றாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சக் கெஞ்ச நீ கேட்கவில்லை, பின்னேர பஸ்ஸில் ஏறிவிட்டாய். நீ கழற்றிப்போட்ட சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பையில் இருந்து குளிசை மட்டை ஒன்று விழுந்தது. அதில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. மெலிய வைக்கிற மருந்தென்று போனில் விளம்பரம் பார்த்து வாங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். அம்மா அன்றிரவு படுக்கும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

திங்கட்கிழமை நீ கட்டப்போகிற பிள்ளை களுதாவளையிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். பாவம், எனக்குச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்து யோசித்துத்தான் எடுத்திருக்கிறாள். "மாமா, அவர மெலிய வேணாம் எண்டு சொல்லுங்க. எனக்கு அவர் இருந்த மாதிரியே காணும், போதும். நான் சொன்னா, இது உனக்காக இல்ல, அப்பாட நேத்திக்கடன் எண்டு சொல்றார். நேத்தியத் தப்பக்கூடாதாம்" என்றாள். நான் போனைப் பிடித்தபடி மில்லைச் சுற்றி நடந்தேன். அவள் பேசி முடித்து "மாமா, நிக்கிறீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். நிற்கிறேன் என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன். இதை நான் நேற்று வரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன். கலியாணம் பேச அவர்கள் வீட்டுக்குப் போன அன்று, பிள்ளையின் தாய்மாமன் பலகாரத் தட்டை உன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "எங்கட வீட்டு வாசல் மாப்பிள்ளைக்குக் காணுமோ தெரியா, இடிச்சுக் கட்டோணும் போல" என்றார் அல்லவா? எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு மண்டை சூடாகிவிட்டது. "அதெல்லாம் கலியாணத்துக்குள்ள எம்பது கிலோவுக்கு வந்திருவான். அம்மாளுக்கு நேத்தி வச்சிருக்கன். அவன்ட நிறைக்கு நெல்லு, சனத்துக்கு முன்னால குடுக்கப்போறன்" என்று சொன்னேன். சபையே அடங்கிவிட்டது, அம்மன் பெயரைச் சொன்னால் யார் வாய் திறப்பார்கள்? ஆனால் மகன், நான் அப்போது எந்த நேர்த்தியும் வைத்திருக்கவில்லை. வாய் முந்திவிட்டது. சொன்னது பொய்யாகக் கூடாதே என்று, திரும்பி வந்த கையோடு நம் ஊர் அம்மன் கோயிலுக்குப் போய், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, நேர்த்தியை வைத்துவிட்டு வந்தேன். பொய்யைச் சொல்லிவிட்டு, அதை உண்மையாக்க உன் உடம்பை எழுதிக் கொடுத்தவன் நான். நீ அதைத் தலைமேல் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் பட்டினி கிடந்திருக்கிறாய்.

நீ ஏன் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதது போல் இவ்வளவு காலமும் நடித்தேன். அது முதல் நேர்த்தியில் வந்தது.

நீ பிறந்தபோது இரண்டு கிலோவும் இல்லை. உன்னை வயிற்றில் சுமந்த மாதங்களில் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. சாமான் வராது, மில் ஓடாது, அம்மா மரவள்ளிக் கிழங்கும் வெறும் தேத்தண்ணியுமாகக் கிடந்தாள். உன்னை முதலில் கையில் தந்தபோது எனக்குத் தூக்கவே பயம். நிறுத்தே பிழைத்தவனல்லவா, என் கைக்கு நிறை தெரியும். கையில் ஒன்றும் இல்லாதது போல் இருந்தது. அன்றைக்கே அம்மனிடம் சொன்னேன், இந்தப் பிள்ளை தேறி வந்தால் இவன் நிறைக்கு நிறை நெல் தருகிறேன் என்று. பிறகு உன்னைத் தேற்றுவதே எங்கள் இரண்டு பேருக்கும் வேலையாகிவிட்டது. நீ வாயை மூடினாலும் நாங்கள் கரண்டியை எடுக்கமாட்டோம். பசுப்பால், எருமைத் தயிர், சீனி போட்ட பால்மா, பிசைந்த சோறு, அதற்கு மேல் ஒரு வாழைப்பழம். போதும் என்று நீ தலையைத் திருப்பினால், "அப்பாக்கு ஒரு வாய்" என்று நான் கெஞ்சுவேன். உன் கையில் மடிப்பு விழுந்த நாளில் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். போதும் என்று உன் வயிறு சொன்னதை நீ கேட்க விடாமல் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

நேர்த்தியை ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டோம். ஒரு வருடம் இடம்பெயர்வு, ஒரு வருடம் வெள்ளம், ஒரு வருடம் கடல் வந்தது. கடைசியில் அதைக் கொடுக்கக் கிளம்பியபோது உனக்குப் பன்னிரண்டு வயது. வைகாசிச் சடங்கு, கோயில் வீதி முழுக்கச் சனம். மில்லில் இருந்த பழைய தொங்கு தராசைக் கொண்டுவந்து வேப்பமரக் கொப்பில் கட்டினோம். நீ வேட்டியோடு, மேலில் சட்டை இல்லாமல் ஒரு தட்டில் உட்கார்ந்தாய். மற்றத் தட்டில் ஒரு மூடை நெல்லை வைத்தோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மூடை மிஞ்சும், மிஞ்சினதை அள்ளி எடுக்கலாம் என்று சாக்கின் வாயைக்கூட அவிழ்த்து வைத்திருந்தேன். உன் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. வேறு நெல் கொண்டுவர ஓர் ஆள் மில்லுக்கு ஓடினான். அவன் போய் வரும்வரை நீ அந்தத் தட்டில், அவ்வளவு சனத்துக்கும் நடுவில், கையைக் கட்டி நெஞ்சை மறைத்துக்கொண்டு இருந்தாய். யாரோ பின்னால் நின்று, "மில்லையே கொண்டுவந்து வைங்கடாப்பா" என்று கத்தினார்கள். சனம் சிரித்தது. என் மானம் போகிறதே என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தது மட்டுமா, "வட்டை வயலுக்குள்ள விளைஞ்ச நெல்லெல்லாம் இவன்ட வயித்துக்குள்ளதான் கிடக்கு" என்று பதிலும் சொன்னேன். முதலில் சொன்னவனுக்குக் கிடைத்ததைவிட எனக்குப் பெரிய சிரிப்புக் கிடைத்தது. நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை இன்று வரைக்கும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் உன்னைத் திருத்தக் கிளம்பினேன். கரண்டி கரண்டியாக ஊட்டினவனே உன் தட்டை எண்ணத் தொடங்கினேன். விடியக்காலையில் வாவிக்கரையால் ஓடச் சொல்லி, சைக்கிளில் உன் பின்னால் வந்தேன். பின்னேரத்தில் தின்ன ஒன்றும் தரக்கூடாது என்று அம்மாவுக்குக் கட்டளை. நீ மெலிந்தாய், மெலியவில்லை என்று சொல்லமாட்டேன். ஊரே மெச்சியது. ஆறு மாதத்தில் போனது அத்தனையும் திரும்பி வந்தது, வட்டியும் முதலுமாக வந்தது. ஒரு மத்தியானம் மில்லில் நெல் அவிக்கிற கொட்டிலுக்குப் பின்னால் நீ பால்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மாவை அப்படியே அள்ளி வாயில் போட்டுக்கொண்டு இருந்ததைக் கண்டேன். உன் வாயைச் சுற்றி வெள்ளையாக இருந்தது, கண்ணில் தண்ணீர். நான் உன்னைக் கள்ளன் என்றேன். சொந்த வீட்டில் பசித்துத் தின்ற பிள்ளையைக் கள்ளன் என்றேன்.

கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் குளிசை மட்டையை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் டவுனில் இருக்கிற கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டொக்டர், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு இதச் செஞ்சவனுக்கு மட்டுந்தான் தெரியும். இதயத்தப் பழுதாக்கிற சாமானும் இருக்கலாம். இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். பதினாறு கிலோ என்று நான் சொன்னபோது, என்னை அறியாமல் என் குரலில் ஒரு பெருமை வந்திருக்க வேண்டும். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கட தராசு பொய் சொல்லல்ல. ஆனா போனது கொழுப்பா, தசையா, தண்ணியா எண்டு அதுக்குத் தெரியாது" என்றார்.

நான் படித்தது கொஞ்சம். உழைத்தால் எரியும், உட்கார்ந்தால் ஏறும் என்பதுதான் எனக்குத் தெரிந்த முழுக் கணக்கு. அவர் சொன்னது வேறு. நாம் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கும்போதே உடம்பு தன் சக்தியில் பெரும்பகுதியை எரித்துக்கொண்டுதான் இருக்கிறதாம். இதயம் அடிக்க, மூளை ஓட, ஈரல் வேலை செய்ய, உடம்பைச் சூடாக வைத்திருக்க. மிஞ்சினதைக் கொழுப்பாக்கிக் கலங்களுக்குள் சேமித்து வைக்கிறது. அந்தக் கொழுப்பும் சும்மா கிடக்கிற பண்டம் இல்லையாம். இரத்தத்தில் ஓமோன் என்கிற ஒரு சுரப்பை விட்டு, எவ்வளவு கையிருப்பு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். திடீரென்று சாப்பாட்டை வெட்டினால் அந்தச் செய்தி குறைந்துவிடும். உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பசியைக் கூட்டும், எரிப்பதைக் குறைக்கும். கை கால் சோரும், குளிரும், எழும்பினால் தலை சுற்றும். தசையையும் கரைத்து எரிக்கும். தசை போனால் எரிகிறது இன்னும் குறையும். மெலிந்தபின்னும் அந்தப் பயம் கனகாலத்துக்குப் போகாதாம், ஆகையால் பழைய மாதிரிச் சாப்பிட்டாலே முன்னையைவிட வேகமாகச் சேர்த்துக்கொள்ளும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே பஞ்சம் பார்த்த பிள்ளைகளில் சிலருக்கு இந்தச் சேமிப்புப் புத்தி கொஞ்சம் கூட இருக்கலாம் என்றும் சொன்னார். நான் நாற்காலியில் இருக்க மாட்டாமல் எழும்பி நின்றேன். "இருங்க ஐயா" என்றார். இருக்க முடியவில்லை.

எனக்கு நம் வீடுதான் ஞாபகம் வந்தது. பாதை பூட்டின நாளில் அம்மா என்ன செய்தாள்? யாரும் சொல்லாமலே இரண்டு விளக்கை ஒன்றாக்கினாள். தையல் மெஷினை மூடி வைத்தாள். அடுப்பை ஒரு நேரத்துக்கு மட்டும் மூட்டினாள். வீடே அசையாமல் கிடந்து உயிரைப் பிடித்துக்கொண்டது. பாதை திறந்த அன்றைக்கு அவள் வீட்டில் இருந்த அத்தனை டின்னையும் நிரப்பினாள், காணாது என்று அடுத்த வீட்டிலும் இரண்டு டின் இரவல் வாங்கினாள். அரிசி தாராளமாக வந்தபிறகும் கனகாலம் அவள் டின்னைக் குறைய விட்டதில்லை. அதைப் பார்த்து நான் அவளைப் பேராசைக்காரி என்று சொன்னேனா? கெட்டிக்காரி என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் செய்ததையே உன் உடம்பும் செய்தது. அதற்கு நான் வைத்த பெயர் சோம்பல், பெருந்தீனி, கள்ளன்.

டொக்டர் உன்னைத் தடவிக்கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கூடின நிறை ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும், சீனி வருத்தத்தையும் பிரஷரையும் கொண்டுவரும், விட்டுவிடக் கூடாது என்று கண்டிப்பாகத்தான் சொன்னார். ஆனால் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டுமாம், மூன்று நேரமும் சாப்பிட்டு. மீனும் முட்டையும் பருப்பும் தட்டில் இருக்க வேண்டும், தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் அவரே பார்த்து மருந்து தருவாராம். குறைகிறது கொஞ்சமென்றாலும் அது நிற்கிறதா என்பதுதான் முக்கியமாம். எண்பது என்ற இலக்கத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். என் வாயிலிருந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மிச்சம் இருந்தது நேர்த்தி. அதை விடவும் பயம், வைத்திருக்கவும் பயம். வெள்ளிக்கிழமை காலையிலேயே அம்மன் கோயிலுக்குப் போய், பூசை செய்கிற கட்டாடியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தாய்மாமனுக்கு விட்ட பொய்யையும் ஒளிக்கவில்லை. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அம்மாள் எப்பயாவது உன்னட்ட உன்ட பொடியன மெலிய வைக்கச் சொல்லிக் கேட்டவவா?" என்றார். இல்லை என்றேன். "மறுகா என்ன? வாயக் குடுத்தவன் நீ. நெல்லு அம்மாளுக்குச் சேரோணும், அவ்வளவுதான். நீயே ஏறு" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை, பார். இவ்வளவு காலமும் மற்றவர்களை ஏற்றி முள்ளைப் பார்த்தவனுக்கு, தானும் ஏறலாம் என்று தோன்றவில்லை.

நேற்று மத்தியானப் பூசைக்குப் பிறகு, அதே வேப்பமரத்தில் அதே தராசைக் கட்டினோம். சட்டையைக் கழற்றினேன். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், வெள்ளிக்கிழமைச் சனம். தட்டில் காலை மடக்கி உட்கார்ந்தவுடன் எல்லாக் கண்ணும் என் வயிற்றில் வந்து குத்தியது. நரைத்த நெஞ்சை எங்கே மறைப்பது என்று தெரியாமல் கையைக் கட்டினேன். அப்போதுதான் நீ அன்றைக்கு ஏன் கையைக் கட்டினாய் என்று விளங்கியது. ஒரு மூடையை வைத்தார்கள், என் தட்டு சட்டென்று மேலே எழும்பிவிட்டது. ஒரு நிமிடமும் இல்லை. நீ அன்று எவ்வளவு நேரம் அதில் இருந்தாய் என்று நினைத்தேன், ஆள் மில்லுக்குப் போய்வருகிற நேரம். தட்டு எழும்பினதும் யாரோ, "பாத்தீங்களா, இந்த வயசிலயும் உடம்ப என்ன மாதிரி வச்சிருக்கார்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் எதை வைத்திருக்கிறேன்? இரண்டு கோப்பை சோறு தின்கிறேன், அதற்கு மேல் தயிரும் சீனிப்பாணியும், ஒன்றும் ஒட்டுவதில்லை. என் உடம்பு அப்படி வாய்த்தது, உன்னுடையது வேறு மாதிரி வாய்த்தது. அதில் என் கெட்டித்தனமும் இல்லை, உன் குற்றமும் இல்லை. தட்டில் இருந்தபடியே அதைச் சத்தமாகச் சொன்னேன். "என்ட மகன் இதில இருந்த அண்டைக்கு நான் சிரிச்சன். அது பிழை" என்றும் சொன்னேன். கட்டாடியார் மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டார். நேர்த்தி தீர்ந்தது மகன். உன் தலையில் இனி ஒன்றும் இல்லை.

ஆவணியில் கலியாணம் முடிந்து நீ களுதாவளைக்குப் போய்விடுவாய். நம் பக்கத்து வழக்கம், ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். உன் மாமியார் நல்ல மனுஷி, மாப்பிள்ளைக்கு இறாலும் நண்டும் என்று உன் தட்டை மலையாக நிரப்புவார். அந்தத் தாய்மாமனும் அங்கேதான் இருப்பார், நிரம்பின தட்டைப் பார்த்துப் பகிடி விடுவார். முன்னே நான் ஒருவனே இரண்டு வேலையும் செய்தேன், அங்கே இரண்டு பேர். காணும் என்றால் காணும் என்று சொல், பசித்தால் பசிக்கிறது என்று சொல். இரண்டையும் ஒளிக்காதே. பகிடிக்குச் சேர்ந்து சிரிக்காதே, உனக்குச் சிரிப்பு வந்தால் மட்டும் சிரி. உன்னைக் கட்டப்போகிற பிள்ளை, இருந்த மாதிரியே காணும் என்று சொன்னாளே, அவளை நம்பு. எனக்குச் சொல்ல இருபத்தொன்பது வருடமாகத் தெரியாத வசனத்தை அவள் ஒரு போனில் சொல்லிவிட்டாள். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், மெலிந்தோ கொழுத்தோ பிறக்கும். அது தலையைத் திருப்பினால் கரண்டியை எடுத்துவிடு.

நாளைக் காலை பஸ்ஸில் அம்மா வந்தாறுமூலைக்கு வருகிறாள். இந்தக் கடிதத்தோடு சோறும் பருப்பும் மீனும் கட்டிக்கொண்டு வருவாள். நான் வரவில்லை. வந்தால் பழக்கதோசத்தில் உன் தட்டை எட்டிப் பார்ப்பேன். மிச்சம் இருக்கிற குளிசையை எல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிடு, டொக்டர் பார்க்க வேண்டுமாம். வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு உனக்கு நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும், நான் ஏழு மணிக்கே போய் அந்த வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பேன். வா மனே. வராமல் விட்டுவிடாதே, நீ கிணற்றடியில் கிடந்தது போல உன்னை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உள்ளே போனதும் தாதி உன்னைத் தராசில் ஏறச் சொல்வாள், அது அவர்களுடைய வேலை. ஏறு. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

அப்பா